பாலைவனத்துல டூரிசம் பிசினஸ்: ஜெய்சால்மர், கட்ச், லடாக் மூணுல எங்க பணம் போடலாம்?

பாலைவனத்துல நெலம் சீப்பு, பத்து டென்ட் போட்டா போதும், டூரிஸ்ட் தானா வருவான், இப்படி ஒரு கணக்கோட வந்து கேக்கறவங்க இப்ப ரொம்ப அதிகமாயிட்டாங்க. நான் வடக்க குரூப் டூர் அனுப்பற வேலையில இருக்கறதால எங்கிட்ட இந்தக் கேள்வி அடிக்கடி வருது, ரிட்டயர்மென்ட் பணத்த வச்சிருக்கறவங்க, கல்ஃப்ல இருந்து திரும்பி வந்தவங்க, ஐடில ஒரு தொகை சேத்துட்டு வேற ஏதாவது பண்ணணும்னு நெனைக்கறவங்கன்னு பல பேரு. அவங்களுக்கு தனித்தனியா சொல்றத எல்லாம் ஒரே எடத்துல எழுதிடலாம்னு தான் இது. கையில ஒரு அம்பது அறுவது லட்சம், குடும்பம் இங்கயே இருக்கும், வருஷத்துக்கு நாலஞ்சு தடவ போய் பாத்துக்கலாம், இந்த நெலமையில இருக்கறவங்கள மனசுல வச்சுத்தான் எழுதறேன், கோடிக்கணக்குல ரிசார்ட் கட்டறவங்களுக்கு கணக்கே வேற.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நெலம் சீப்பா இருக்கறது நல்ல சான்ஸ் இல்ல, அங்க ஆள் இல்லங்கறதுக்கான அடையாளம் அது. 2011 சென்சஸ் படி ஜெய்சால்மர் மாவட்டம் 38,401 சதுர கிலோமீட்டர், அதுல இருந்தது 6.7 லட்சம் பேர் தான், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். கட்ச் 45,674 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 46. லடாக்ல இருக்கற லே மாவட்டத்துல வெறும் 3. தமிழ்நாட்டோட அடர்த்தி 555ன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு இத பாருங்க. அங்க ஒரு மோட்டார் ரிப்பேர் ஆனா மெக்கானிக் பக்கத்து தெருவுல இருந்து வரமாட்டான், டவுன்ல இருந்து நாப்பது அம்பது கிலோமீட்டர் வரணும், வர்ற வரைக்கும் கெஸ்ட் தண்ணி இல்லாம உக்காந்திருப்பாரு, அவரு அத ரிவ்யூல எழுதிட்டு போயிடுவாரு. நெலத்துல மிச்சம் பிடிச்ச காசு எல்லாம் இந்த மாதிரி செலவுல போயிடும். அதனால ஒரு ஏக்கர் என்ன வெலன்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேக்கணும்: வருஷத்துல எத்தன நைட் ரூம் விக்கும், தண்ணி எங்க இருந்து வரும், அந்த ஊர்ல உங்களுக்கு சரின்னு சொல்ல வேண்டியது யாரு. மூணு பாலைவனத்தையும் இத வச்சு தான் பாக்கப் போறேன்.

ஜெய்சால்மர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா முக்காவாசி பேரு மனசுல இருக்கறது அது தான். ஜெய்சால்மர் டவுன்ல இருந்து மேற்க சுமார் 40 கிலோமீட்டர்ல சம் மணல்மேடு, தென்மேற்குல குரி, இந்த ரெண்டு எடத்துலயும் கேம்ப் வரிசையா இருக்கு. எல்லா கேம்ப்லயும் சாயங்காலம் ஒரே மாதிரி தான் நடக்கும், வாசல்ல பொட்டு வச்சு டோலக் அடிச்சு வரவேற்பு, டீ பக்கோடா, ஒட்டகத்துல ஏத்தி மேட்டுக்கு கூட்டிட்டு போய் சன்செட், ஜீப் சஃபாரி, திரும்பி வந்தா நடுவுல மேடை, சுத்தி மெத்தை, கால்பேலியா டான்ஸ், மாங்கணியார் பாட்டு, அப்புறம் தால் பாட்டி சூர்மா, பத்து மணிக்கு மேல டிஜே. பாடறவங்க அருமையா பாடுவாங்க, தலைமுறை தலைமுறையா அதே தொழில்ல இருக்கற குடும்பம், ஆனா பக்கத்து கேம்ப் ஸ்பீக்கர் சத்தத்துல அந்தப் பாட்டு காதுல விழாது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பிசினஸா பாத்தாலும் இது தான் பிரச்சன, எல்லாரும் ஒரே சரக்க விக்கறாங்க, அதனால ரேட் மட்டும் தான் வித்தியாசம், புக்கிங் சைட்ல யாரு எரநூறு ரூபா கொறைக்கறாங்களோ அவங்களுக்கு போயிடுது.

ஒரு கணக்கு போட்டு காட்டறேன், இது புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட நம்பர், உங்க கேஸ்ல மாறும். 12 டென்ட், அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் 180 நைட் சீசன். தீபாவளி வாரம் குஜராத்துல இருந்து கூட்டம் கூட்டமா வருவாங்க, கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் ஃபுல், பிப்ரவரி பௌர்ணமிய ஒட்டி வர்ற டெசர்ட் ஃபெஸ்டிவல், அது போக வீக்கெண்ட், மத்த நாள் காலியா தான் இருக்கும். சராசரியா பாதி நெறஞ்சா 1,080 டென்ட் நைட். சாப்பாடு ஒட்டகம் எல்லாம் சேத்து ஜோடிக்கு 4,000 ரூபான்னா 43.2 லட்சம் வரவு. புக்கிங் சைட், ஏஜென்ட் கமிஷன் 20 சதவீதம் போனா 34.5 லட்சம் சொச்சம். மேனேஜர், குக், பசங்க சம்பளம், லீஸ், ஆர்ட்டிஸ்ட் கான்ட்ராக்ட், டீசல்னு ஆள் வந்தாலும் வராட்டியும் ஆகற செலவு 16 லட்சம்னு வைங்க, ஒவ்வொரு டென்ட் நைட்டுக்கும் சாப்பாடு, தண்ணி டேங்கர், லாண்டரின்னு 900 ரூபா. கடைசியில கையில நிக்கறது 9 லட்சத்துக்கு கிட்ட. சரி பரவாயில்லன்னு தோணுதா, இப்ப பாதிக்கு பதிலா 35 சதவீதம் தான் நெறஞ்சதுன்னு வச்சு அதே கணக்க போடுங்க, கையில நிக்கறது ஒன்றரை லட்சத்துக்கும் கீழ வந்துடும். இதுல டென்ட் துணி மாத்தற செலவு இன்னும் சேக்கல, அந்த வெயில்லயும் மணல் காத்துலயும் துணி சில வருஷத்துல நைஞ்சு போயிடும், ஜிப்ல எல்லாம் மணல் ஏறி மூடவே மூடாது.

ஜிஎஸ்டியும் பாத்துக்கணும். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு 12 சதவீதமா இருந்தத 5 ஆக்கிட்டாங்க, கெஸ்ட்டுக்கு நல்லது தான், ஆனா இன்புட் டாக்ஸ் கிரெடிட் கிடையாது, அதனால நீங்க டென்ட், பெட், ஏசி, சோலார்னு வாங்கும்போது கட்டற ஜிஎஸ்டி எல்லாம் உங்க செலவு தான். மொதலீட்டு கணக்கு போடும்போதே அத சேத்துடுங்க, நெறைய பேரு இத விட்டுடறாங்க.

இன்னொரு பெரிய விஷயம், சம், குரி ரெண்டு பக்கமும் டெசர்ட் நேஷனல் பார்க் இருக்கு, 3,162 சதுர கிலோமீட்டர், கானமயில் கடைசியா மிஞ்சியிருக்கற முக்கியமான எடம். அந்தப் பறவை கரன்ட் கம்பியில மோதி சாகறதால சுப்ரீம் கோர்ட் 2021 ஏப்ரல்ல மின்சார லைன பூமிக்கடியில கொண்டு போகச் சொன்னாங்க, 2024 மார்ச்ல அத மாத்தி நிபுணர் குழு போட்டாங்க. இது நமக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, நீங்க லீசுக்கு எடுக்கற காஸ்ரா நம்பர் (நம்ம ஊர் சர்வே நம்பர் மாதிரி) பார்க் எல்லைக்குள்ள வருதா, ஒட்டி இருக்கற எக்கோ சென்சிடிவ் பகுதியில வருதான்னு பட்வாரி (நம்ம விஏஓ மாதிரி) ஆபீஸ்லயும் வனத்துறையிலயும் ரெண்டு எடத்துலயும் எழுத்துல வாங்கணும், நெலத்துக்காரர் வாயால சொல்றது செல்லாது. அதே மாதிரி ஓரண்னு சொல்லுவாங்க, சாமிக்கு விட்ட மேய்ச்சல் காடு, ரெவின்யூ ரெக்கார்ட்ல சில எடத்துல வெறும் தரிசுன்னு தான் இருக்கும், ஆனா ஊரே சேந்து அத காப்பாத்திட்டு வருது, சோலார் கம்பெனிகள எதிர்த்தே போராடற ஊருங்க அதெல்லாம். அதுல போய் வேலி போட்டீங்கன்னா அடுத்த நாள்ல இருந்து உங்களுக்கு ஒட்டகமும் கெடைக்காது, பாலும் கெடைக்காது. அவங்க பக்கம் தான் நியாயம்னும் சொல்லுவேன். எஸ்சி எஸ்டி மக்களோட விவசாய நெலத்த ராஜஸ்தான் சட்டப்படி வேற ஆளுங்க வாங்கவே முடியாது, பினாமி பேர்ல வாங்கித் தரேன்னு சொல்ற புரோக்கர் கிட்ட இருந்து ஒதுங்கிடுங்க.

அப்ப ஜெய்சால்மர் வேண்டவே வேண்டாமான்னா, கேம்ப் வேண்டாம், டவுன் பரவாயில்லன்னு சொல்லுவேன். கோட்டைக்குள்ள இல்ல. 1156ல ராவல் ஜெய்சல் கட்டின கோட்டை, 2013ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்தது, இன்னைக்கும் உள்ள குடும்பங்க வாழறாங்க, உள்ள ரூம்ல தங்கறது தனி அனுபவம் தான், ஆனா தண்ணியே இல்லாத காலத்துக்கு கட்டின கோட்டை அது, இப்ப ஒவ்வொரு கெஸ்ட் ஹவுஸ்லயும் ஷவரும் ஃப்ளஷ்ஷும் ஓடி அந்த தண்ணி அடிப்பாறைக்குள்ள எறங்கி சுவரெல்லாம் ஆட்டம் கண்டிருக்கு, கொத்தளங்க இடிஞ்சே விழுந்திருக்கு. அதுக்குள்ள இன்னொரு பாத்ரூம் கட்டறதுக்கு நான் யாருக்கும் யோசன சொல்லமாட்டேன். அது போக தொல்லியல் துறை பாதுகாக்கற சின்னத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்ட முடியாது, அதத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். கீழ டவுன்ல பழைய ஹவேலிய, அதான் பழங்கால மாளிகை வீட்ட, பத்து வருஷ லீசுக்கு எடுத்து ஆறேழு ரூம் பண்ணினா, மஞ்ச கல்லு வீடு, கேம்புக்கு போறவங்க முன்ன பின்ன ஒரு நைட் தங்குவாங்க, ஆகஸ்ட் செப்டம்பர்ல ராம்தேவ்ரா மேளாவுக்கு வர்ற கூட்டம் கொஞ்சம் வரும், தனோட் மாதா கோயில், லோங்கேவாலான்னு பார்டர் பாக்க வர்றவங்க வருவாங்க. ரேட் கம்மி, ஆனா விக்கற நைட் அதிகம். ராஜஸ்தான்ல 2022 பட்ஜெட்ல டூரிசத்துக்கு இண்டஸ்ட்ரி அந்தஸ்து குடுத்தாங்க, கரன்ட் பில்லுல அதனால பலன் உண்டு, அது உங்க ரூம் எண்ணிக்கைக்கு பொருந்துமான்னு ஆரம்பத்துலயே விசாரிச்சுக்கோங்க.

லடாக் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா முடிவு சுலபம். வெளி ஆள் அங்க நெலம் வாங்கறது நடைமுறையில நடக்காத காரியம். 2019 அக்டோபர் 31ல யூனியன் பிரதேசம் ஆனதுக்கு அப்புறம் நெலமும் வேலையும் வெளியாளுங்க கைக்கு போயிடும்ங்கற பயம் அங்க ரொம்ப ஆழமா இருக்கு, பழங்குடி பகுதிக்கு தன்னாட்சி குடுக்கற அரசியல் சட்டத்தோட ஆறாவது அட்டவணை கேட்டு வருஷக்கணக்கா போராட்டம், 2025 செப்டம்பர் 24ல லேல நாலு பேரு செத்தாங்க, ஊரடங்கு போட்டாங்க. அந்த ஊர்ல போய் உள்ளூர் ஆள் பேர்ல ரகசியமா ஒரு ஹோட்டல் கட்டறது தப்புன்னு தான் நான் நெனைக்கறேன், சட்டத்துக்காக மட்டும் சொல்லல. லே 3,500 மீட்டர் உயரம், மழை வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுல தான், பனி உருகற தண்ணிய நம்பி விவசாயம் பண்ற ஊரு, அங்க பாரம்பரியமா மண்ணு போட்டு மூடற ட்ரை டாய்லெட் தான், நம்ம ஆளுங்களுக்காக ஃப்ளஷ் வச்சு போர் போட்டு தண்ணிய உறிஞ்சறாங்க. சீசன் மே கடைசியில இருந்து செப்டம்பர், குளிர்ல பைப்புக்குள்ள தண்ணி உறைஞ்சு பைப்பே வெடிச்சுடும், அதனால பாதி ஹோட்டல் மூடிடுவாங்க.

ஆனா லடாக்ல ஒரு நல்லது இருக்கு, மத்த ரெண்டு எடத்துலயும் இல்லாதது. ஒசரத்துக்கு உடம்பு பழகறதுக்கே ரெண்டு நாள் லேல படுத்துக்கிட்டு இருக்கணும், அப்புறம் நுப்ரா, பாங்காங், அதுக்கு இன்னர் லைன் பெர்மிட், இப்படி ஒரு கெஸ்ட் வந்தாருன்னா ஆறு ஏழு நைட் அந்த மாவட்டத்துலயே இருப்பாரு. ஜெய்சால்மர்ல ரெண்டு நைட் இருந்தா பெரிசு. அதுவும் ஹான்லேல 2022 டிசம்பர்ல டார்க் ஸ்கை ரிசர்வ் அறிவிச்சு, சுத்தி இருக்கற ஊர் ஆளுங்களுக்கே டெலஸ்கோப் குடுத்து வானம் காட்ட பழக்கியிருக்காங்க, குளிர்ல பனிச்சிறுத்தை பாக்க வர்ற சின்ன குரூப் இருக்கு, 2024ல வந்த கணக்கெடுப்புல இந்தியாவுல 718 பனிச்சிறுத்தை, அதுல 477 லடாக்ல. ரூம்பக் மாதிரி ஊர்ல ஹோம்ஸ்டே வச்சிருக்கற குடும்பங்களோட கை கோத்து, தமிழ்ல பேசற கைடோட, நம்ம ஊர்ல இருந்து எட்டு பேர் குரூப் கொண்டு போனீங்கன்னா அதுக்கு நெலமும் வேண்டாம் கட்டடமும் வேண்டாம், அஞ்சாறு லட்சம் வேலை மூலதனம் போதும். லடாக்ல பணம் போடாதீங்க, ஆள் கொண்டு போங்க, அவ்ளோ தான்.

இப்ப கட்ச். நான் கடைசியா வச்சிருக்கறதுக்கு காரணம், என்னோட ஓட்டு இதுக்குத் தான், ஆனா எல்லாரும் நெனைக்கற எடத்துல இல்ல.

எல்லாரும் நெனைக்கறது ரண் ஓரத்துல இருக்கற டோர்டோ கிராமம், ரண்ணுன்னா உப்பு வெளி. 2005ல சின்ன விழாவா ஆரம்பிச்ச ரண் உத்சவ் இப்ப குளிர்காலம் முழுக்க நடக்குது, டென்ட் சிட்டின்னு பெரிய ஏற்பாடு, 2023ல ஐநா டூரிசம் அமைப்பு டோர்டோவ உலகத்தோட சிறந்த டூரிசம் கிராமங்கள்ல ஒண்ணா தேர்ந்தெடுத்தது. பௌர்ணமி அன்னைக்கு அந்த உப்பு வெளிய பாத்தவங்க வாழ்க்கைக்கும் மறக்கமாட்டாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த வெள்ளை ரண் மழைக்காலத்துல தண்ணிக்குள்ள இருக்கும், அக்டோபர் நவம்பர்ல வத்தி உப்பு இறுகினா தான் ஷோ. மழ லேட்டா பெஞ்ச வருஷத்துல டிசம்பர்லயும் சேறா இருக்கும், உங்க புக்கிங்க அது கேக்காது. அதவிட முக்கியம், டோர்டோ, ஹோட்கா எல்லாம் இருக்கற பன்னி புல்வெளி 1955லயே பாதுகாக்கப்பட்ட காடுன்னு அறிவிச்ச பூமி, மால்தாரிங்க, அதான் எருமையும் மாடும் மேய்க்கற மக்கள், வன உரிமைக்காக கேஸ் நடத்தி 2021ல பசுமை தீர்ப்பாயமே ஆக்கிரமிப்ப எடுக்கச் சொன்ன எடம். அங்க உங்களுக்கு யாராவது நெலம் விக்கறேன்னு பேப்பர் காட்டினா அந்தப் பேப்பர தொடவே தொடாதீங்க. ஹோட்கால ஊர் கமிட்டியே நடத்தற ரிசார்ட் பல வருஷமா ஓடுது, அந்தப் பக்கம் யாரு நடத்தணுமோ அவங்க நடத்தறாங்க, அது அப்படியே இருக்கட்டும்.

பொதுவாவே குஜராத்துல விவசாய நெலத்த விவசாயி தான் வாங்க முடியும், தமிழ்நாட்டுல உங்க பேர்ல பட்டா இருக்குன்னு சொன்னா அது அங்க எடுபடும்னு நம்பிடாதீங்க. என்.ஏ. (விவசாயம் இல்லாத உபயோகத்துக்கு மாத்தறது) பண்ணின நெலமா, சாத்பாரா உதாராவுல (நம்ம பட்டா சிட்டா மாதிரி ஆவணம்) யார் பேரு, மேய்ச்சலுக்கு விட்ட கௌசர் நெலமான்னு பாக்கணும். இந்த தலைவலி எல்லாம் எதுக்கு, வாங்கவே வேண்டாம், லீசுக்கு எடுங்கன்னு தான் நான் சொல்றேன், எடம் கட்ச் மாவட்டத் தலைநகரான புஜ் டவுனும் அத சுத்தி இருக்கற ஊர்களும்.

ஏன் புஜ்? மொதல் காரணம் நைட் கணக்கு. டோர்டோவுக்கு போறவங்க புஜ் வழியா தான் போகணும், சுமார் 80 கிலோமீட்டர். ஹரப்பா காலத்து நகரமான டோலாவிராவுக்கு 2021ல யுனெஸ்கோ அந்தஸ்து கெடச்சதுக்கு அப்புறம், காவ்டால இருந்து ரண் நடுவுல போட்ட ரோடு, ரெண்டு பக்கமும் வெள்ளையா உப்பு, ரோட் டு ஹெவன்னு பேரு வச்சு ரீல்ஸ்ல பிரபலமாகி, முன்ன சுத்திக்கிட்டு போன தூரம் ரொம்ப கொறஞ்சு, புஜ்ஜ பேஸா வச்சு மூணு நைட் தங்கறவங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. இது சீசன் கூட்டம். சீசன் இல்லாத மாசத்துக்கு வேற கூட்டம் இருக்கு: அஜ்ரக்பூர்ல அஜ்ரக் பிரின்ட், புஜோடில நெசவு, நிரோணால ரோகன் ஆர்ட், இதுக்காக டிசைனருங்க, துணி வியாபாரிங்க, காலேஜ் பசங்க ஜூலையிலயும் வராங்க, அவங்களுக்கு உப்பு காஞ்சிருக்கா காயலயான்னு கவலை இல்ல. அப்புறம் காவ்டா பக்கம் 72,600 ஹெக்டேர்ல 30 ஜிகாவாட் சோலார், காத்தாலை பார்க் வருது, 2020 டிசம்பர்ல அடிக்கல் நாட்டினது, இன்ஜினியர், கான்ட்ராக்டர், டிரைவர், சர்வேயர்னு ஆளுங்க மே மாச வெயில்லயும் வந்து போயிட்டு இருக்காங்க. அவங்க மூவாயிரம் ரூபா ரூம் எடுக்கமாட்டாங்க, ஆயிரத்து எரநூறுக்கு சுத்தமான ரூமும் நேரத்துக்கு சாப்பாடும் கேப்பாங்க, மாசக்கணக்குல தங்குவாங்க, கம்பெனி பில் கட்டும். சம்ல 180 நைட் சீசன்ல பாதிய தேடி ஓடறோம், இங்க அதே ஆறு ரூம் வருஷத்துல 220, 230 நைட் விக்கறதுக்கு வழி இருக்கு, பாதி நைட் கம்மி ரேட்டா இருந்தாலும்.

ரெண்டாவது காரணம் வீடு. புஜ்ஜ சுத்தி மாதாபர், சுக்பர், பல்தியான்னு படேல் ஊருங்க, பாதி குடும்பம் லண்டன்லயும் கென்யாவுலயும் இருக்கு, அங்க இருந்து பணம் அனுப்பி இங்க பெரிய பெரிய வீடா கட்டி வச்சிருக்காங்க, மாதாபர் பேங்க் டெபாசிட்டுக்கே பேர் போன ஊரு. குளிர்ல ஒரு மாசம் வந்துட்டு போவாங்க, மத்த நேரம் பூட்டு. வீட்ட பராமரிச்சு, அவங்க வர்ற மாசம் அவங்களுக்கு விட்டுக் குடுத்து, வருஷத்துக்கு ஒரு வாடகையும் தரேன்னா பேச்சுக்கு வர்றவங்க உண்டு. கட்டடம் கட்டற காசு மிச்சம், அதுவும் 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்கு அப்புறம் கட்டின வீடுங்கறதால கொஞ்சம் உறுதியா இருக்கும், ஆனாலும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர வச்சு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. பழைய காலத்து வீடு கெடச்சா குஜராத்தோட 2020 ஹெரிடேஜ் டூரிசம் பாலிசில 1950க்கு முந்தின கட்டடத்துக்கு சலுகை குடுத்தாங்க, இப்ப நடப்புல இருக்கற பாலிசி என்னன்னு கேட்டுக்கோங்க.

கொஞ்சம் டெசர்ட் ஃபீல் வேணும்னு கெஸ்ட் கேப்பாங்க, அதுக்கு ரெண்டாவது வருஷம் ஊர் குடும்பத்தோட கூட்டு சேந்து மூணு பூங்கா. பூங்கான்னா அங்க வட்டமா மண்ணுல கட்டற வீடு, மேல கூம்பு மாதிரி புல் கூரை, 2001 பூகம்பத்துல கான்கிரீட் கட்டடமெல்லாம் சரிஞ்சப்ப நல்லா கட்டின பூங்கா நெறைய நின்னுச்சு, வட்டமா இருக்கறதால ஆட்டத்த தாங்கிடுது. உள்ள நொழைஞ்சா மத்தியானம் ரெண்டு மணிக்கும் ஃபேன் போதும், சுவர்ல மண்ணும் சாணியும் கொழச்சு சின்னச் சின்ன கண்ணாடி பதிச்சு பெண்கள் கைய வச்சே பூசறது, ராத்திரி ஒரு வெளக்கு ஏத்தினா சுவர் முழுக்க மின்னும். மழை முடிஞ்சதும் அத திரும்ப பூசணும், அந்தக் கூலிய வருஷ செலவுல போட்டு வையுங்க, பெயின்ட் அடிச்சு சமாளிக்கலாம்னு பாக்காதீங்க, கெட்டுப் போயிடும். அந்தக் குடும்பத்துக்கு சம்பளம்னு இல்லாம வரவுல பங்குன்னு எழுதுங்க, அவங்க எடம், அவங்க சமையல், அவங்க வேலை அது.

கட்ச்ல கொறையும் இருக்கு. மதுவிலக்கு மாநிலம், சாயங்காலம் பீர் கேக்கற நண்பர்கள் குரூப் உங்க பக்கம் வராது, குடும்பமும் வயசானவங்களும் தான் வருவாங்க, என்னப் பொறுத்தவரைக்கும் ஒரு சின்ன எடத்த நிம்மதியா நடத்தறதுக்கு அது நல்லது தான், ஆனா வருமானம் கொஞ்சம் கொறையும். தண்ணி பல எடத்துல உப்பு, ஆர்ஓ மெஷின் மெம்ப்ரேன் சீக்கிரம் போயிடும், கீசர் எலிமென்ட்ல உப்பு பிடிக்கும், போர் தண்ணிய டெஸ்ட் பண்ணி டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு) நம்பர பாக்காம வீட்ட ஓகே பண்ணாதீங்க. போக்குவரத்து முன்னவிட பரவாயில்ல, 2024 செப்டம்பர்ல அகமதாபாத் புஜ் நமோ பாரத் ரயில் விட்டாங்க, சுமார் ஆறு மணி நேரம், ஏர்போர்ட்டும் இருக்கு.

சோலார் கம்பெனி வரும், இப்பவே தரிசு நெலம் வாங்கி போட்டுடலாம், பின்னாடி லீசுக்கு விடலாம்னு ஒரு யோசன ராஜஸ்தான் புரோக்கருங்க சொல்லுவாங்க. பட்லால 2,245 மெகாவாட் பார்க் வந்தத காட்டி பேசுவாங்க. கம்பெனிக்கு வேண்டியது ஒரே துண்டா நூத்துக்கணக்குல ஏக்கர், பக்கத்துல சப்ஸ்டேஷன், லைன்ல எடம், உங்க பத்து ஏக்கர் அதுல எங்க உக்காரும்னு யாராலயும் சொல்ல முடியாது. லைன் பத்தாம, இருக்கற சோலார் கரன்ட்டையே எடுக்க முடியாம நிறுத்தி வைக்கற நெலம ராஜஸ்தான்ல ஏற்கனவே வந்துடுச்சு. பி.எம். குசும்ங்கற மத்திய அரசு சோலார் திட்டத்துல அரை மெகாவாட்ல இருந்து ரெண்டு மெகாவாட் வரைக்கும் சின்ன பிளான்ட் போடலாம், ஆனா அதுக்கு கோடிக்கணக்குல கடன் வேணும், டிஸ்காம் (மின் வினியோகக் கம்பெனி) பணம் தர்ற வேகத்த பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், நம்ம அம்பது லட்சத்துக்கு அது ஆகாது.

மூணு எடத்துக்கும் பொதுவான ஒரு ரிஸ்க் இருக்கு, அத யாரும் பிராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதறதில்ல. மூணும் பார்டர் மாவட்டம். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் மே மாசம் சண்டை நடந்தப்ப 32 ஏர்போர்ட்ட மூடினாங்க, ஜெய்சால்மர், புஜ், லே மூணுமே அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. ஜெய்சால்மருக்கும் கட்ச்சுக்கும் அது ஆஃப் சீசன், தப்பிச்சாங்க, லேக்கு சீசன் ஆரம்பிக்கற நேரம், அந்த அடி பெரிய அடி. இதுவே டிசம்பர்ல நடந்திருந்தா சம்ல கேம்ப் வச்சிருக்கறவங்களுக்கு வருஷ வருமானமே போயிருக்கும். கம்பெனி ஆளுங்க, துணி வியாபாரிங்கன்னு கலந்து வச்சிருக்கற எடம் இந்த மாதிரி ஒரு அடிய தாங்கி நிக்கும்ங்கறது தான் நான் புஜ் பக்கம் சாயறதுக்கு மூணாவது காரணம். எப்படியும் ஆறு மாச ஃபிக்சட் செலவ தனியா பேங்க்ல போட்டு வச்சுட்டு மிச்சத்த தான் போடணும், அம்பது லட்சம் இருந்தா முப்பத்தஞ்ச போடுங்க, பதினஞ்ச தொடாதீங்க.

ஜெய்சால்மர் ஹவேலி யாருக்கு சரிப்படும்னா, குடும்பத்துல ஒருத்தர் அங்கயே போய் குடியிருந்து ஹிந்தியோ மார்வாடியோ பேசி நடத்தற மாதிரி இருந்தா. அந்த ஊர் பேருக்கே விக்கும், மார்க்கெட்டிங் செலவு கம்மி, நேர்ல ஆள் இருந்தா போட்டிய சமாளிக்கலாம். தூரத்துல இருந்து நடத்தணும்னா அங்க முடியாது.

புஜ்ஜுக்கு போறதுன்னு முடிவு பண்ணினா ஜனவரில போய் பாக்காதீங்க, அப்ப எல்லாமே அழகா தெரியும், எல்லாரும் ஃபுல்லுன்னு சொல்லுவாங்க. மே கடைசியில ஒரு தடவ, ஆகஸ்ட்ல ஒரு தடவ போய் நாலு நாள் சாதா லாட்ஜ்ல தங்கி, எந்த ரூம்ல லைட் எரியுது, யாரு தங்கியிருக்காங்க, காவ்டா ரோட்டுல காலையில எத்தன கம்பெனி வண்டி போகுதுன்னு பாருங்க. அப்புறம் லீஸ் அக்ரிமென்ட்ல மொதல் வருஷத்துக்கு அப்புறம் மூணு மாச நோட்டீஸ்ல வெளிய வர்றதுக்கு வழி, அரசு உத்தரவால எடம் மூடினா அந்த மாச வாடகை கிடையாதுங்கற வரி, தண்ணி வராட்டி டேங்கர் காசு யாரு கட்டறதுங்கற வரி, இந்த மூணும் குஜராத்தி பிரதியிலயும் இருக்கான்னு தெரிஞ்ச ஆள வச்சு படிக்கச் சொல்லி கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.